நாக்கடி மாத்திரை “ஏறல” என்றால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பிரவுன் சுகர் (ஹெராயின்), வலி மாத்திரையைக் கரைத்துப் போடும் ஊசி, இவற்றிலிருந்து வெளியே வருவதற்காக, நாக்கடியில் கரைய வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களோடு மல்லுக்கட்டும் அம்மா, அக்கா, மனைவிக்காகவும்தான். வடசென்னையில் பலர் இதை அட்நாக் என்று பிராண்டு பெயரில் சொல்வார்கள். மருந்து தரும் மையத்துக்குப் போய் வருபவர்கள் “ஓஎஸ்டி மருந்து” (போதைக்கு மாற்றாக மருந்து தரும் சிகிச்சை) என்பார்கள். புப்ரெனார்ஃபின் மட்டும் உள்ள மாத்திரை உண்டு, ஹெராயின் போன்றவற்றின் வேகத்தை முறிக்கும் நலாக்ஸோன் சேர்ந்ததும் உண்டு. வாயில் வைக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்கள் காதில் அதிகம் விழும் புகார், “சிஸ்டர், டோஸ் பத்தல” என்பதுதான். சில சமயம் உண்மையிலேயே டோஸ் போதாமல் இருக்கும். ஆனால் டோஸைத் தொடுவதற்கு முன் வாயைக் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரே அளவு மாத்திரை ஒருவருக்கு மறுநாள் காலை வரை தாங்குகிறது, அவருடைய கூட்டாளிக்கு மதியமே விட்டுப்போகிறது. உடல்வாகு ஒரு காரணம். மாத்திரை எங்கே கரைந்தது என்பது இன்னொரு காரணம். நம் கையில் இருப்பது இரண்டாவதுதான்.

சரியாக வைப்பது எப்படி

கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வுக்கயிறு. அதன் இரு பக்கமும் நீல நிறத்தில் ரத்தக் குழாய்கள் தெரியும். மாத்திரை கரைய வேண்டிய இடம் அந்த நீலத்தின் மேல். அங்கே உறிஞ்சப்படும் மருந்து நேராக ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கினால் குடல் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதில் பெரும்பகுதியை உடைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். ஒழுங்காக நாக்கடியில் வைத்தாலே மருந்தில் சுமார் 30 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. விழுங்கினால் அதில் பாதிகூடத் தேறாது. 8 மி.கி. எழுதிக் கொடுத்து அதை எச்சிலோடு முழுங்கிவிட்டால், வெறும் 2, 3 மி.கி. எடுத்தவர் நிலைதான்.

முதலில் இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்குங்கள். கை ஈரமில்லாமல் மாத்திரையை எடுத்து, நடுக்கயிற்றுக்கு இடமோ வலமோ வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் எச்சில் தொண்டைக்குப் போகாமல் முன்பல் பக்கமே தங்கும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பேச்சு, போன், சூயிங்கம், தண்ணீர், டீ, பீடி எதுவும் கூடாது. மாத்திரையை நாக்கால் நோண்டவும் வேண்டாம். கரைய 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். சுண்ணாம்பு மாதிரி ஒரு துகள்கூட இல்லை என்று நாக்கு நுனியால் தடவி உறுதி செய்துகொண்ட பிறகே எச்சிலை விழுங்கலாம். அதற்கு மேல், பல்லுக்காக ஒரு மடக்குத் தண்ணீரைச் சுழற்றி விழுங்குவது தவிர, ஒரு கால் மணி நேரமாவது எதையும் சாப்பிடாமல், குடிக்காமல் இருப்பது நல்லது; புகையிலைக்கு அரை மணி.

இரண்டு மூன்று மாத்திரை என்றால் இரு பக்கமும் பிரித்து வையுங்கள். இடம் கொள்ளவில்லையா, முதலில் இரண்டு, அவை கரைந்த பின் மற்றவை. எப்படி வைத்தாலும் தினமும் அதே மாதிரி வையுங்கள். ஒரு நாள் ஒன்றாக, ஒரு நாள் ஒவ்வொன்றாக என்று மாற்றிக்கொண்டே இருந்தால் உடம்புக்குள் போகும் அளவும் ஏறி இறங்கும்.

மையத்தில் சிஸ்டர் மாத்திரையைப் பொடித்து நாக்கடியில் போட்டுவிட்டு, கரைகிற வரை உட்கார வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வார். இது தங்களை அவமானப்படுத்துவதாகச் சிலர் கோபப்படுகிறார்கள். 1990-களில் புப்ரெனார்ஃபின் ஊசி மருந்தையே போதைக்காகப் போட்டுக்கொண்ட வரலாறு இந்த ஊருக்கு உண்டு. வாயில் மறைத்து வெளியே கொண்டுபோய், தண்ணீரில் கலக்கி ஊசியில் ஏற்றினால் ரத்தக் குழாய் அடைத்துப்போகும், சீழ்க்கட்டி வரும், இதய வால்வு வரைக்கும் கிருமி போகும். அந்த ஜன்னலில் காட்டப்படும் கறார் அதனால் வந்தது. அந்தப் பத்து நிமிடம் யாரோ பார்த்துக்கொண்டிருப்பதால் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் ஒரு லாபம்தான். மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்த பிறகுதான் பலருக்கு “ஏறல” புகார் தொடங்குகிறது.

அறிகுறி: காலையில் வைத்தது மதியமே விட்டுப்போகிறது

கொட்டாவி, மூக்கில் தண்ணீர், புல்லரிப்பு, கை கால் குடைச்சல், வயிற்றைக் கலக்குவது. இந்த மருந்து சாதாரணமாக ஒரு நாளைக்குத் தாங்க வேண்டியது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில மணி நேரத்தில் விட்டுப்போனால், பெரும்பாலும் உள்ளே போனதே குறைவு என்று அர்த்தம்.

முதலில் நேரத்தைச் சோதியுங்கள். போனில் டைமர் வைத்துப் பாருங்கள். “கரையுற வரைக்கும் வெச்சிருந்தேன்” என்பவர்களில் பலர் இரண்டு நிமிடத்திலேயே விழுங்கிவிடுகிறார்கள். கசப்பு தாங்காமல்தான். கசப்புதான் தொல்லை என்றால் மாத்திரை வைப்பதற்கு முன் ஒரு சின்ன கல்கண்டைச் சப்பி முடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வையுங்கள். மாத்திரையோடு சேர்த்துச் சப்பக் கூடாது; எச்சில் பெருகி எல்லாம் வயிற்றுக்குப் போய்விடும்.

அடுத்து புகையிலை. எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய வில்லன் என்று அடித்துச் சொல்வேன். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நாக்கடியில் உள்ளவற்றையும்தான். மாத்திரை வைப்பதற்கு முன் டீக்கடையில் ஒரு சிகரெட் இழுத்துவிட்டு வருபவருக்கு உறிஞ்சும் பாதையே ஒடுங்கியிருக்கும். மாவா, ஹான்ஸ் போடுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் வாய்த்தோலையே தடிக்க வைத்துவிடும், எச்சிலும் ஊறிக்கொண்டே இருக்கும். புகையிலையை இன்றே விடு என்று உபதேசம் பண்ணவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும். மாத்திரைக்கு முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி வாயைச் சுத்தமாக வைத்திருங்கள். மாவா போட்டிருந்தால் நன்றாகக் கொப்பளித்துத் துகளையெல்லாம் துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வையுங்கள்.

மூன்றாவது, புளிப்பு. எலுமிச்சை சோடா, கோலா வகை, மோர் இதையெல்லாம் குடித்த கையோடு மாத்திரை வைத்தால் வாயில் அமிலத்தன்மை ஏறியிருக்கும். மருந்து உறிஞ்சப்படுவது குறையும். வெறும் தண்ணீர்தான் சரி.

இவற்றையெல்லாம் சரிசெய்து ஒரு வாரம் ஒழுங்காக எடுத்துப் பாருங்கள். ஒரே அளவை விடாமல் எடுத்தால் ரத்தத்தில் அதன் மட்டம் நிலைபெற ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். முதல் சில நாட்களில் இருக்கும் சிலருக்கு ஒரு வாரம் பொறுப்பது கஷ்டம். அவர்கள் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் அப்போதே சொல்லிவிடலாம். முறை சரி, நேரம் சரி, அப்படியும் மதியத்தில் குடைச்சல் என்றால் டோஸ் போதவில்லைதான். தலை நிமிர்ந்து கேளுங்கள். குறைந்த டோஸில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது வீரம் என்று நினைக்கும் அண்ணன்மார்கள் உண்டு. மாலையில் பல் வலுவிழந்ததும் அவர்கள் போகும் இடம் உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணத்தை நம் பகுதியில் மறக்கவே கூடாது: டிபி மருந்து. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டிவிட்டு புப்ரெனார்ஃபினை வேகமாகக் கழித்துவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு டிபி மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் திடீரென்று கை கால் குடைச்சல் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், ஃபெனிடாயின் ஆகியவையும் அப்படியே. அந்த மருந்தையோ புப்ரெனார்ஃபினையோ நிறுத்தாதீர்கள். டிபி சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஓஎஸ்டி டாக்டரிடம் காட்டுங்கள். டோஸைக் கூட்டித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். டிபி கோர்ஸ் முடிந்ததும் மறுபடி போய்ச் சொல்வதும் முக்கியம். கூட்டிய டோஸ் அப்போது அதிகமாகிவிடும்.

அறிகுறி: மாத்திரை கல் மாதிரி அப்படியே கிடக்கிறது

வாய் காய்ந்திருக்கிறது. கத்திரி வெயிலில் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவருக்கும், விடிய விடிய காசிமேட்டில் ஏலத்தில் நின்றவருக்கும் வாயில் எச்சிலே இருக்காது. சில மனநல மருந்துகளும் அலர்ஜி மாத்திரைகளும் வாயை உலர்த்தும். இந்த மருந்தே கொஞ்சம் உலர்த்தும்.

மாத்திரைக்கு முன் தண்ணீர் குடிப்பதுதான் வைத்தியம். மாத்திரை வைத்த பின் குடிப்பது கெடுதல். ஒரு டம்ளர் குடித்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து வையுங்கள். பொறுமையில்லாமல் மென்று உடைப்பவர்களும் இருக்கிறார்கள். மென்றால் துகள்கள் பல்லிடுக்கிலும் தொண்டையிலும் போகுமே தவிர நாக்கடியில் நிற்காது. மையத்தில் பொடிப்பது வேறு விஷயம்: அங்கே பொடியை இடம் பார்த்து வைப்பார்கள். வீட்டில் பொடிக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அறிகுறி: எச்சில் ஊறி ஊறித் தொண்டைக்குப் போகிறது

நேர் எதிர்ப் பிரச்சினை. மல்லாந்து படுத்துக்கொண்டு வைப்பவர்களுக்கு இது வரும். எழுந்து உட்காருங்கள், தலையை முன்னால் தாழ்த்துங்கள். தெரியாமல் கொஞ்சம் விழுங்கிவிட்டால் பரவாயில்லை. அதற்காக இன்னொரு மாத்திரை போடாதீர்கள். அரை மாத்திரையே விழுங்கிவிட்டோம் என்று தோன்றினாலும் அன்றைக்கு அவ்வளவுதான், மறுநாள் கவனமாக வைத்தால் போதும். உடம்பு தாங்கவில்லை என்றால் மையத்துக்குப் போன் செய்யுங்கள்.

அறிகுறி: மாத்திரை வைத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் உடம்பு படுமோசமாகிறது

இதுதான் ஆட்களைச் சிகிச்சையை விட்டே ஓட வைப்பது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொஞ்சம் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவர், மாத்திரை வைத்த சிறிது நேரத்தில் வாந்தி, பேதி, நடுக்கம், வேர்வை என்று சுருண்டு விழுகிறார். “அந்த மருந்து எனக்கு ஒத்துக்காதுண்ணே” என்று தெரு முழுக்கச் சொல்கிறார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் பயப்படுகிறார்கள்.

நடப்பது இதுதான். ஹெராயின் மூளையில் எந்த இடத்தில் போய் உட்காருகிறதோ அதே இடத்தில்தான் புப்ரெனார்ஃபினும் உட்காரும். அதன் பிடி ஹெராயினைவிட இறுக்கம், ஆனால் தரும் வேகம் குறைவு. ரத்தத்தில் சரக்கு (ஹெராயின்) இன்னும் மிச்சம் இருக்கும்போது மாத்திரை வைத்தால், உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு அது நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. முழு வேகத்திலிருந்து பாதி வேகத்துக்கு ஒரே நிமிடத்தில் இறக்கப்பட்ட உடம்பு அலறுகிறது.

ஆகவே பிழை மருந்தில் இல்லை, நேரத்தில். பிரவுன் சுகர் கடைசியாகப் போட்டு குறைந்தது 12 மணி நேரமாவது ஆக வேண்டும். கடிகாரம் மட்டும் போதாது. கண்மணி விரிந்து, கொட்டாவி, புல்லரிப்பு, குடைச்சல் நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகே முதல் மாத்திரை. மெதடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தை எடுத்தவர்கள் 24 மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். சில வருடங்களாக நம் பக்கத்துப் பையன்கள் ஹெராயினைவிட டாபென்டடால் என்ற வலி மாத்திரையைத்தான் கரைத்துப் போடுகிறார்கள். அதில் சாதாரண வகையும் உண்டு, மெதுவாக வெளிவரும் எஸ்ஆர் வகையும் உண்டு. எந்த வகை, எத்தனை, எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அவர் நேரம் கணக்கிட முடியும். “நேத்து காலையிலேயே விட்டுட்டேன் சார்” என்று பொய் சொல்லி மாத்திரையைச் சீக்கிரம் வாங்கியவர்கள்தான் இந்தக் கொடுமையில் அதிகம் மாட்டுவது. போலீஸுக்குச் சொல்வார்கள் என்ற பயத்தில் அந்தப் பொய் வருகிறது. சிகிச்சை அறையில் கேட்பது நேரம் குறிக்கத்தான்.

ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, என்ன செய்வது? மையத்திலேயே இருங்கள், வீட்டில் என்றால் திரும்பப் போங்கள். அடக்குவதற்காக மேலே சரக்கு போடாதீர்கள். இடம் நிரம்பியிருப்பதால் அது ஏறாது; ஏறவில்லையே என்று மேலும் மேலும் போட்டால் ஆபத்து. வாந்திக்கும் வலிக்கும் துணை மருந்து கொடுப்பார்கள். சில சமயம் புப்ரெனார்ஃபினையே இன்னும் கொஞ்சம் கொடுத்துச் சரிசெய்வார்கள். அது டாக்டர் முடிவு. மோசமான கட்டம் சில மணி நேரத்தில் தணிய ஆரம்பிக்கும்.

நலாக்ஸோன் சேர்ந்த மாத்திரையால்தான் இது வந்தது என்று பரவலாகப் பேச்சு உண்டு. நாக்கடியில் வைக்கும்போது நலாக்ஸோன் ஏறுவது மிகச் சொற்பம், பாதிப்பில்லாத அளவு. மாத்திரையைக் கரைத்து ஊசியில் போட்டால்தான் அது முழுசாக வேலை காட்டும். அதற்காகத்தான் சேர்த்திருக்கிறார்கள்.

அறிகுறி: குமட்டல், வாந்தி, தலைவலி

முதல் வாரம் பலருக்கு வரும், தானாகக் குறையும். வெறும் வயிற்றில் வைத்தால் குமட்டுகிறது என்பவர்கள் இரண்டு இட்லி சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, கொஞ்ச நேரம் கழித்து வைக்கலாம். வாயில் கரைந்தபின் தங்கும் அந்தக் கசப்பு எச்சில் வயிற்றுக்குப் போவதும் சிலருக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. மாத்திரை முழுசாகக் கரைந்து, இன்னும் சில நிமிடம் வைத்திருந்து, மிச்ச எச்சிலைத் துப்பிவிடலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கரைவதற்கு முன்னால் துப்பினால் மருந்தே போய்விடும்.

மாத்திரை கரைந்த பிறகு வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டியதில்லை. வேலை முடிந்தது வாயில். வாந்தியில் வருவது வயிற்றில் இருப்பது. கரைந்துகொண்டிருக்கும்போதே வாந்தியோடு மாத்திரை வெளியே விழுந்துவிட்டால் மையத்தைக் கேட்காமல் இன்னொன்று வைக்காதீர்கள்.

அறிகுறி: நாக்கடி எரிகிறது, பல் கூசுகிறது

தினமும் ஒரே பக்கம் வைக்காமல் இடம் வலமாக மாற்றுங்கள். புண் இருந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்த்து, ஆறும் வரை மிளகாய்ப் பொடி தூவிய மாங்காயைத் தள்ளி வையுங்கள். புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை, அதுவும் மாவா பழக்கம் இருக்கிறது என்றால் அது மாத்திரை விவகாரமே இல்லாமல் இருக்கலாம். பல் டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பல் விஷயத்தில் 2022 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: வாயில் கரையும் புப்ரெனார்ஃபினால் சிலருக்குச் சொத்தை, ஈறு நோய், பல் இழப்பு வந்திருக்கிறது. அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. கரைந்து முடிந்ததும் ஒரு பெரிய மடக்குத் தண்ணீரை வாயில் மெதுவாகச் சுழற்றி விழுங்கச் சொன்னது, பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னது. மருந்து பட்ட கையோடு பிரஷ் போட்டுத் தேய்த்தால் இளகியிருக்கும் பற்சிப்பி தேயும். காலையில் எழுந்ததும் பல் துலக்கிவிட்டு, அப்புறம் மருந்து என்று வரிசையை மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அறிகுறி: மலம் இறுகிப்போகிறது, வேர்த்துக் கொட்டுகிறது

இரண்டும் இந்த வகை மருந்துகளின் குணம். தண்ணீர், கீரை, வாழைப்பழம், கொஞ்சம் நடை. மூன்று நாள் போகவில்லை என்றால் மலமிளக்கி கேளுங்கள். வெட்கப்பட்டு மருந்தையே குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அது தேவையில்லாத வேலை. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் மாத்திரை வைக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தூக்க மாத்திரையைத் தெருவில் வாங்காதீர்கள். காரணம் அடுத்தது.

அறிகுறி: தலை தொங்குகிறது, எழுப்பினால் எழவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது

இது பிழை நீக்கும் நேரமில்லை. 108-ஐ அழைக்கும் நேரம்.

புப்ரெனார்ஃபின் தனியாக, சொன்ன அளவில், பழகிய உடம்பில் மூச்சை அடக்குவது அரிது. அதன் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்தப் பாதுகாப்பை உடைப்பது குவார்ட்டரும், நைட்ராவெட், அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரைகளும். “ரெண்டும் சேர்ந்தா நல்லா இருக்கும்” என்று சொல்லும் நண்பன்தான் இந்தக் கலவையைச் சொல்லிக்கொடுப்பான். உதடு, நகம் நீலமாவது, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, குறட்டை போல் கரகரவென்ற மூச்சு, ஒன்றைப் பார்த்தாலும் ஆம்புலன்ஸ். ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தலையில் தண்ணீர் கொட்டி நேரம் கடத்தாதீர்கள். மூச்சே இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். என்ன போட்டார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.

குழந்தை இந்த மாத்திரையை வாயில் போட்டுவிட்டால் நிலைமை இதைவிட அவசரம். ஒரே ஒரு மாத்திரை சின்னக் குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும். குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது, பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். விளைவு மணிக்கணக்கு தாமதித்தும் வரும். விரலால் வாயில் இருப்பதை வழித்து எடுத்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் மாத்திரை வைக்க மறைவிடம் ஏது என்பார்கள். பூட்டுப் போட்ட சின்னத் தகர டப்பா ஒன்று வாங்கி உயரத்தில் வையுங்கள். சட்டைப் பையிலும் தலையணை அடியிலும் வைப்பது கூடவே கூடாது.

அறிகுறி: ஒரு நாள் விட்டுப்போச்சு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டி மையம் மூடிய பிறகு போய்ச் சேர்ந்தவர்கள், கடலுக்குப் போன படகு திரும்பாதவர்கள், கோர்ட்டு வாய்தாவில் நின்றவர்கள் என்று இதற்கு ஆயிரம் காரணம். அன்றைக்கே ஞாபகம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் என்றால் வழக்கமான அளவு மட்டும். நேற்றையதையும் சேர்த்து இரண்டு பங்கு வைக்கக் கூடாது. நடுவில் சரக்கு போட்டிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன நாற்காலிக் கதை நடக்கும்.

பல நாள் விட்டுப்போனால் பழைய டோஸிலிருந்து நீங்களே தொடராதீர்கள். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றுவார்கள். புழல் சிறையில் சில மாதம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் இதில் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முன்பு தாங்கிய அளவு ஹெராயின் இப்போது உயிரை எடுக்கும். வெளியே வந்த அன்றே மையத்துக்குப் போவதுதான் சரி. கடலுக்கோ வெளியூர் வேலைக்கோ போகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், வீட்டுக்கு எடுத்துப்போக மருந்து தர வழி இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார்.

கர்ப்பமாக இருப்பது தெரிந்ததும் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடும் பெண்களுக்கு ஒரு வார்த்தை: நிறுத்தாதீர்கள். திடீர் நிறுத்தம் வயிற்றில் உள்ள பிள்ளைக்குத்தான் கெடுதல். மகப்பேறு டாக்டர், ஓஎஸ்டி டாக்டர் இருவருக்கும் மற்றவர் கொடுக்கும் மருந்து தெரிந்திருக்கட்டும்.

அறிகுறி: அடிபட்டிருக்கிறது, வலி ஊசி போட்டும் கேட்கவில்லை

பைக்கில் விழுந்து கால் உடைந்தவருக்கு டிராமடால் போடுகிறார்கள், வலி குறையவே இல்லை. இடம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அந்த ஊசி வேலை செய்யவில்லை. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், புப்ரெனார்ஃபின் எடுக்கிறேன் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். சீட்டின் படத்தைப் போனில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்றவை இந்த மருந்தோடு மோதாது. அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க டாக்டருக்கு முன்னாடியே தெரிய வேண்டும். மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா, நாலு வேளையாகப் பிரிப்பதா என்பதை அவரும் ஓஎஸ்டி டாக்டரும் பேசி முடிவு செய்வார்கள். பெரும்பாலும் நிறுத்தாமல்தான் சமாளிக்கிறார்கள். அங்கே யாராவது முகம் சுளித்தால், கூட வந்த அக்காவையோ அம்மாவையோ பேச விடுங்கள், நீங்கள் சீட்டை மட்டும் நீட்டுங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, அயனாவரத்தில் உள்ள கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ போய் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, இலவசம். ஊசி போட்டுக்கொள்பவர்கள் ஓஎஸ்டி, எச்ஐவி பரிசோதனை பற்றிக் கேட்க 1097.